கைப்பிடி போட்ட தாழ்ப்பாள்

அக்கா வீட்டு வாசல் கதவின் உட்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. அதன் குமிழில் ஒரு சாண் இரும்புக் கம்பி பற்றவைத்திருக்கும். கம்பி நுனியில் பழைய மோட்டார் சைக்கிளின் கறுப்பு ரப்பர் பிடி. வீட்டையே ஓட்டிக்கொண்டு போகப்போகிறாயா என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். எனக்கு மட்டும் அந்த ரப்பரைப் பார்த்தால் இன்னமும் முதுகு சில்லிடும்.

சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகும் இடிக்காமல் விட்ட தோட்ட வீடு அது. நானும் அவர்களோடு அங்கே இருந்தபோதுதான் அக்காவுக்கு முடக்குவாதம் வந்தது. வந்தது என்பது பொய். கதவை உடைத்துப் புகுந்து அடித்தது. காலையில் அவள் விரல்கள் வெந்த கிழங்காக வீங்கிக் கிடக்கும். தண்ணீர்க் குழாய், சட்டைப் பித்தான், சோற்றுப் பானை, தொட்டதெல்லாம் அவளைக் கடித்தது. லாரி ஓட்டிய மாமாவுக்கு, அக்காவின் கணவருக்கு, இது வசதியாகிப் போனது. முன்பெல்லாம் அறைவார், பெல்ட்டை உருவுவார். பிறகு அந்தச் சிரமம்கூட இல்லை. பாசமாகப் பிடிப்பவர்போல் அவள் கையைப் பிடித்து, விரல்களைச் சேர்த்து ஒரு நெரி. அக்கா கத்தமாட்டாள், அப்படியே மடங்கித் தரையில் உட்காருவாள். ஒருமுறை நான் குறுக்கே போனேன். என் தலையைச் சுவரில் மோதினார். காதுக்குள் வெகுநாள் தேனீக்கள் இரைந்தன.

ஈப்போ மருத்துவமனையில், நோயோடு வாழ்கிறவர்களுக்கு அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஒரு பிரிவு உண்டு. அங்கிருந்த தெரபிஸ்ட்டை எல்லாரும் மிஸ்ஸி என்பார்கள். கரண்டிக் காம்பைத் தடிமனாக்கித் தருவார். சின்ன மூட்டுகளை விட்டுவிடு, பெரிய மூட்டுகளை வேலை வாங்கு என்பதுதான் அவர் ஓயாமல் சொன்னது: விரலுக்குப் பதில் உள்ளங்கை, அதற்குப் பதில் முன்கை, அதற்கும் மேலே தோள்.

"எந்த வேலைய நீங்களே செய்யணும்னு ஆசப்படுறீங்கக்கா?" என்று கேட்டார். சமையல், தலைபின்னுவது என்றுதான் மற்றவர்கள் சொல்வார்களாம். அக்கா சன்னலைப் பார்த்தபடி, "உள்ளேர்ந்து கதவு பூட்டணும்" என்றாள்.

மிஸ்ஸி அவள் மணிக்கட்டின் நீலத்தைப் பார்த்தார். "போலீஸுக்குப் போலாம். நானும் வாரேன்."

"மொதல்ல கதவு, மிஸ்ஸி."

வீட்டைப் பார்வையிட வந்த மிஸ்ஸி, மாமாவிடமே பேசினார். "அண்ணே, நீங்க லோடு ஏத்திட்டுப் போயிருவீங்க. இந்தக் கையால அக்கா எப்படித் தாப்பா போடுவாங்க? ஒரு பிடி இருந்தா நல்லது லா."

மாமாவின் சந்தேகம் பிசாசு மாதிரி, எந்நேரமும் விழித்திருக்கும். "ஆமா, நான் இல்லாதப்ப கண்டவனும் உள்ள வரக்கூடாது" என்றார். அவரே பட்டறையில் கம்பியைப் பற்றவைத்தார். அவரே தாழ்ப்பாளை லாரிக்குப் போடும் நீளத் திருகாணிகளால் கதவில் முறுக்கினார். "யானை முட்டினாலும் அசையாது" என்று கதவைத் தட்டிக் காட்டினார்.

ஒரு சாயங்காலம் மாமா சம்சுச் சாராயம் குடித்துவிட்டு வந்தார். அக்காவின் விரல்களை நெரித்தது போதவில்லை. ஜாக்கி கம்பியை எடுக்க லாரிக்குப் போனார். அக்கா எழுந்தாள். தோளால் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட நான் ஓடினேன். "நகரு" என்றாள். முன்கையால் அந்த ரப்பர் பிடியைத் தள்ளினாள். தாழ்ப்பாள் ஏறியது.

அப்புறம் இடி. பலகை பிளந்தது, சுண்ணாம்பு உதிர்ந்தது, ஒவ்வோர் அடியும் கதவில் சாய்ந்திருந்த அவள் விலா வழியாக, அவளைக் கட்டிக்கொண்டிருந்த என் பல்லுக்குள் வந்தது. திருகாணி அசையவில்லை. "தொறடி. நான் யாருன்னு தெரியுதா இல்லையா?"

அக்கா கதவோடு பேசினாள், மெதுவாக. "கண்டவனும் உள்ள வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

நான் போலீஸுக்குப் போன் அடித்தேன். வண்டி வரும்வரை அவர் அடித்துக்கொண்டே இருந்தார். அவருடைய உள்ளங்கை கிழிந்து படியெல்லாம் ரத்தம். போலீஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அந்தப் படியை அவர் ஏறவே இல்லை. இப்போது சிலிம் ரிவர் என்ற ஊரில் இருக்கிறார் என்கிறார்கள்.

அக்காவின் விரல்கள் இன்று இன்னும் கோணிவிட்டன. கதவின் வெளிப்பக்கக் குழிகளை அடைக்க அவள் விடவில்லை. போகும்போதெல்லாம் அந்தக் குழிகளுக்கு முன்னால் நின்று குரல் கொடுப்பேன். உள்ளே செருப்பு இழுபடும், முன்கை ரப்பரில் உரசும், இரும்பு மெல்ல நகரும். நேரமாகும். நான் கதவைத் தொடமாட்டேன். திறப்பது அவள் வேலை.