துடைத்த திரை

ஷுப்ரா பேட்டையில் மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கும் ரிஃப்அத், பூனை குறுக்கே வந்தாலும் அதனிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள்.

அன்று நாங்கள் இருவரும் மைக்ரோபஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். பாலத்தருகே போலீஸார் எல்லோருடைய போனையும் வாங்கிப் பார்ப்பதாக டிரைவர் சொன்னார். ரிஃப்அத் போனை எடுத்து, முகப்பில் இருந்த ஆப்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். ஃபேஸ்புக் போனது, செய்தி போனது, மகள் ஏற்றிக்கொடுத்த சமையல் விளையாட்டும் போனது.

"அதுல என்னய்யா குத்தம்?" என்றேன்.

"யாரு கண்டா? கத்தியால நறுக்குற விளையாட்டுய்யா அது."

கடைசியில் தொழுகை நேரம் காட்டுவது ஒன்றுதான் மிஞ்சியது.

அதிகாரி ஏறினார். என் போனில் கண்டதும் கடியதும் குவிந்திருந்ததைப் பார்த்துக் கொட்டாவி விட்டபடி திருப்பிக் கொடுத்தார். ரிஃப்அத்தின் போனைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"புதுசா வாங்கினதா?"

"இல்ல பாஷா, நாலு வருசமாச்சுங்க ஐயா."

"நாலு வருசத்துப் போன் இவ்வளவு சுத்தமா இருக்கு. இறங்கு. எதைத் தொடச்சேன்னு சொல்லிட்டுப் போ."

ரிஃப்அத் இறங்கியதும் வண்டி கிளம்பியது. குப்பை நிறைந்த என் போனை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.