ஒரு படி மேலே ஏறிய சுரம்

அற்புதராணி பாட்டுக் கட்டுகிற ஆள் என்று உடுவிலில் யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருக்கிற, ஸ்கூட்டியில் போகும்போதும் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு போகிற, கலியாணம் கட்டாத ராணியக்கா என்றால் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சின்னக் கிறிஸ்தவக் கோவிலில் பாடகர் குழுவை நடத்துவதும் அவள்தான். ஐம்பதைத் தாண்டியும் குரல் உடையவில்லை. அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமையும் உண்டு.

அவள் கட்டியது ஒரே ஒரு பாட்டு. அவளுடைய தம்பி ஜெபராஜ் கொடிகாமத்தடியில் லொறியோடு மோதி இறந்தபோது எழுதியது. முன் அறையில் சவப்பெட்டி இருந்தது, வீடு முழுக்கச் சனம். அவள் குசினிக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சொப்பிரானோ, அல்ரோ, ரெனர், பேஸ் என்று மேலிருந்து கீழாக நாலு குரலுக்கும் கோடு கீறி எழுதினாள். செத்த வீட்டில் பியானோவைத் தொட முடியாது. எல்லாம் தலைக்குள் கேட்டதுதான். அடுத்த நாள் காலையில் குழு அதைப் பழகியது, பின்னேரம் குழியடியில் வாத்தியம் இல்லாமல் பாடியது. 'எங்கள் கண்ணீர் அறிந்தவரே' என்ற வரி வந்தபோது குழி வெட்டினவர்கள்கூட மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் எந்தச் சாவு நடந்தாலும் அந்தப் பாட்டுத்தான். சைவ வீடுகளிலும் ஒன்றிரண்டு பேர் கேட்டுப் பாடுவித்திருக்கிறார்கள்.

இந்த வருசம் ரொறன்ரோவில் இருந்து அன்புராஜா கதைத்தான். சின்ன வயதில் இதே கோவிலில் பாடியவன், இப்போது அங்கே ஒரு தமிழ்ச் சபையில் பாடகர் குழுவை நடத்துகிறான். யாரோ போனில் எடுத்து அனுப்பிய பதிவில் பாட்டைக் கேட்டிருக்கிறான். இறந்தவர்களை நினைவுகூரும் ஆராதனையில் பாட வேண்டும், தாளை அனுப்புங்கோ என்றான். அவள் இசைக்குறி எழுதுகிற மென்பொருளில் பழைய தாளைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியாகப் பதிந்து அனுப்பினாள். மருமகள் முறையான ஒரு பிள்ளை குடுத்துவிட்ட பழைய லப்ரொப் அது. ஸ்பீக்கர் வேலை செய்யாது. தான் கட்டிய பாட்டைத் தான் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

பிறகு அன்புராஜா இன்னொன்று கேட்டான். "அக்கா, இஞ்சை பிறந்த பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு குரலையும் தனித்தனியாப் பாடி அனுப்பினால் கேட்டுப் பாடமாக்குவினம்."

குழுவை மினக்கெடுத்தாமல் என்ன செய்யலாம் என்று தேடியபோதுதான் பாடுகிற மென்பொருள் ஒன்று அவளுக்கு அகப்பட்டது. இசைக்குறியையும் சொற்களையும் கொடுத்தால் கொம்பியூட்டரே பாடும். யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு ஹெட்போன் வாங்கி வந்து, சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்தாள். யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் குரல் 'யெங்கால் கன்னீர்' என்று பாடியது. அற்புதராணி வாய்விட்டுச் சிரித்தாள்.

தேடிப் பார்த்ததில், எழுத்துகளைச் சொந்தக் குரலில் பதிந்து கொடுத்தால் மென்பொருள் அந்தக் குரலிலேயே பாடும் என்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஃபானை நிறுத்தி, யன்னல்களைச் சாத்தி, வேர்த்து ஒழுக உட்கார்ந்து பதிந்தாள். எ, ங், க, ள், க, ண், ணீ. புதிதாக ஏடு தொடங்கிய பிள்ளையைப்போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பக்கத்து வீட்டில் தேங்காய் பிடுங்குகிறவன் கத்தும்போதெல்லாம் திரும்பச் சொன்னாள்.

முதலில் சொப்பிரானோவைப் பாடவிட்டாள்.

அவளுடைய குரல். அவள் ஒருநாளும் பாடியிராத விதத்தில் அவளுடைய குரல். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கியது, நடுவில் மூச்சு எடுக்கவே இல்லை. அற்புதராணி தன்னையறியாமல் தன்னுடைய மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு இறுகியபோதுதான் விட்டாள். 'என்ரை தொண்டைக்குள்ளை ஆரோ பூந்திட்டினம்' என்று நினைத்தாள். பேஸைப் பாடவிட்டால் அதே குரல் சளி பிடித்த கிழவனின் குரலாக வந்தது. அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடைசியாக நாலையும் சேர்த்துப் போட்டாள். இரண்டு வரி அழகாக வந்தது. மூன்றாவது வரியில், 'கண்ணீர்' என்ற இடத்தில், காதுக்குள் ஊசி ஏறியதுபோல இருந்தது. ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் போட்டாள்.

மென்பொருள் பிழை விடுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். திரும்பப் போட்டாள். அதே இடம், அதே குத்து. குரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். அல்ரோவை நிறுத்தினால் குத்து இல்லை. சொப்பிரானோ 'ஃபா'வை நீட்டிப் பாடுகிற நேரத்தில், அதற்கு ஒட்டினாற்போலக் கீழே அல்ரோ 'மீ'யை நீட்டிக்கொண்டு நின்றது. அங்கே வர வேண்டியது அதற்கும் கீழே உள்ள 'றே'. புள்ளி ஒரு படி மேலே ஏறிப்போய் இருந்தது.

பதியும்போது கை தவறிவிட்டது என்று பழைய தாளை எடுத்தாள். சாமான் அறையில் இருந்து எழுதிய அதே தாள். அதிலும் 'மீ'தான். பேனையை அழுத்திக் குத்திய கறுத்தப் புள்ளி.

அப்படியென்றால் இத்தனை சாவுகளில் இத்தனை தரம் பாடியபோது அவளுக்கு ஏன் கேட்கவில்லை?

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே றஜிதா வீட்டுக்குப் போனாள். றஜிதா தொடக்கத்தில் இருந்தே அல்ரோ பாடுகிறவள், சுன்னாகத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. குசினிக்குள் இருந்து கணவாய் கழுவிக்கொண்டிருந்தாள்.

"றஜிதா, 'கண்ணீர் அறிந்தவரே'யிலை நீ என்ன பாடுறனீ?"

"என்னக்கா இது, வந்ததும் வராததுமா? இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்."

"பாடிக் காட்டு."

றஜிதா ஈரக் கையோடு நின்று பாடினாள். தெளிவான 'றே'.

"தாளிலை என்ன இருக்கு?"

றஜிதா தொட்டிப் பக்கம் திரும்பினாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கழுவின கையைத் திரும்பவும் கழுவினாள்.

"மீ," என்றாள்.

"அப்ப?"

"அது அண்டைக்கே மாத்தினதக்கா. செத்த வீட்டண்டு காலமை." றஜிதா குழாயைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள். "முதல் தரம் பாடேக்கை எல்லாருக்கும் திக்கெண்டுது. நாங்கள் ஆளையாள் பாத்தம். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, கை மட்டும் தாளம் போட, அழுதுகொண்டு நிண்டனீங்கள். அந்த நேரத்திலை ஆர் உங்களிட்டைச் சொல்லுறது? பேஸிலை நிண்ட ஜெரிசன் கையாலை கீழை எண்டு காட்டினான். நாங்கள் ஒரு படி இறங்கினம். சரியா இருந்துது."

"பிறகு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லுவம் எண்டுதான் இருந்தது. ஒரு மாதம் போட்டுது, ஒரு வருசம் போட்டுது. பிறகு எப்பிடிச் சொல்லுறது? புதுசா வாற ஆக்களுக்கும் 'அதிலை மட்டும் றே பாடுங்கோ, அக்காவிட்டைக் கேக்காதேங்கோ' எண்டு சொல்லிக் குடுத்தனாங்கள்."

அற்புதராணி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். குசினி வாசலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"போதகர் ஐயாவுக்கு?"

"ஐயான்ரை மனுசியும் அல்ரோதானே, அக்கா."

தேத்தண்ணி குடிக்காமலே வந்துவிட்டாள். வீடு வரும்வரை வாய்க்குள் ஒரு பாட்டும் வரவில்லை. கோபமா வெட்கமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. தான் கை காட்டுகிறபடி அவர்கள் பாடுகிறார்கள் என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள்! வெள்ளிக்கிழமைப் பாட்டுப் பழக்கத்துக்குத் தலையிடி என்று செய்தி அனுப்பிவிட்டுப் படுத்திருந்தாள்.

ஆனால் ரொறன்ரோவுக்குத் தாள் போய்விட்டதே. அவர்கள் தாளில் இருப்பதை இருக்கிறபடியே பாடுகிறவர்கள். சொல்லத்தானே வேண்டும். அடுத்த நாள் பின்னேரம் அன்புராஜாவுக்குப் போன் எடுத்தாள். அவன் அவளைக் கதைக்கவிடவில்லை.

"அக்கா, நானே எடுக்க வேணுமெண்டு இருந்தனான். அந்தக் 'கண்ணீர்' இடம் இருக்கெல்லோ! அதை எப்பிடியக்கா யோசிச்சனீங்கள்? போனிலை கேக்கேக்கை நல்ல பாட்டு எண்டு மட்டும்தான் நினைச்சனான். தாளைப் பாத்துப் பாடினாப் பிறகுதான் விளங்கிச்சுது, இது வேறை சாமான்!"

அவள் வாயைத் திறந்தபடி இருந்தாள்.

"எங்கடை அல்ரோவிலை கீர்த்திகா எண்டு ஒரு பிள்ளை. தகப்பன் போன வருசம் செத்துப்போனார். அந்த இடத்தைப் பாடிப்போட்டு, 'அப்பா போனவுடனை என்ரை காது இப்பிடித்தான் கூவினது' எண்டு சொல்லிச்சுது. எல்லாரும் அழுதிட்டினம்."

"தம்பி," என்றாள் அற்புதராணி, "அது பிழை."

"எது?"

"அந்த மீ. கை தவறி எழுதினது. இஞ்சை ஒருத்தரும் அதைப் பாடுறேல்லை."

அன்புராஜா மெல்லச் சொன்னான்: "பிள்ளையள் பாடமாக்கிப்போட்டினம். ஆனால் உங்கடை பாட்டக்கா. மாத்தச் சொன்னால் மாத்துறன். உண்மையாப் பிழையோ?"

உண்மையாகப் பிழைதானா? போனை வைத்துவிட்டு அவள் சாமான் அறைக்குள் போய் நின்றாள். அன்றைக்கு அந்தப் புள்ளியைக் குத்தும்போது மனதில் என்ன இருந்தது? கதவுக்கு வெளியே பெரியம்மா ஒப்பாரி வைத்தது ஞாபகம் இருந்தது. பேனை மை கையில் பட்டது ஞாபகம் இருந்தது. அந்தச் சுரம் மட்டும் ஞாபகத்தில் இல்லை. வேண்டுமென்று எழுதினாளோ, கண்ணீரில் கோடு தெரியாமல் எழுதினாளோ, இனி யாராலும் சொல்ல முடியாது. அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. தன் கையெழுத்தே தனக்கு அந்நியமாகிப் போயிற்று.

"மாத்த வேண்டாம். அப்பிடியே பாடுங்கோ," என்று அன்புராஜாவுக்குச் செய்தி போட்டாள்.

அடுத்த வெள்ளி பழக்கத்துக்குப் போனாள். கோவில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லாரும் வாய் மூடினார்கள். றஜிதா சொல்லியிருக்கிறாள் என்பது முகங்களிலேயே தெரிந்தது. அற்புதராணி தாள்களைக் கொடுத்தாள்.

"இண்டைக்கு ஒருக்கால், நான் எழுதினபடி பாடுங்கோ."

"வேண்டாமக்கா," என்றான் ஜெரிசன். பேஸ் பாடுகிற, எதையும் விளையாட்டாக எடுக்கிறவன், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"பாடுங்கோ எண்டு சொல்லுறன்."

பாடினார்கள். 'கண்ணீர்' வந்தபோது அல்ரோக்காரிகளில் பாதிப் பேர் பழக்கத்தில் கீழே இறங்கிவிட்டார்கள், மற்றவர்கள் 'மீ'யில் தடுமாறினார்கள். திரும்பப் பாடச் சொன்னாள். இந்த முறை எல்லாரும் 'மீ'யில் நின்றார்கள். மென்பொருளில் ஊசியாகக் குத்தியது, மனிசத் தொண்டையில் நடுங்கியது. ஒரு தகரம் காற்றில் அதிர்வதுபோல மண்டபம் முழுக்க அதிர்ந்தது. றஜிதா தன் கையைத் தடவி மயிர்க்கூச்செறிந்ததைப் பார்த்தாள்.

"எங்களுக்கு மற்றதுதான் பழகிப்போச்சக்கா," என்றாள் கடைசியில், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"உங்களுக்குப் பழகினதையே பாடுங்கோ. ரொறன்ரோவிலை மற்றதைப் பாடட்டும்."

எல்லாருடைய தோளும் கொஞ்சம் இறங்கியது. யாரோ தண்ணிப் போத்தலைத் திறந்தார்கள். அற்புதராணி தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரும்போது ஒரு யோசனை வந்து நின்றாள்.

"வேறை எங்கையும் மாத்தினனீங்களோ?"

சும்மா கேட்டதுதான். ஆனால் ஜெரிசன் கூரையைப் பார்த்தான். ரெனர்காரர் இருவரும் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். றஜிதா சீலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கத் தொடங்கினாள்.

"கடைசி வரி," என்றான் ஜெரிசன். "பேஸிலை. பெரிசா ஒண்டுமில்லை."

"ரெண்டாவது வரியிலையும் ஒரு சின்ன இடம், அக்கா," என்றது பின்னால் இருந்து ஒரு குரல்.

அற்புதராணி பக்கத்தில் இருந்த மர வாங்கில் பொத்தென்று உட்கார்ந்தாள். யாரையும் ஏசவில்லை. பிறகு கைப்பையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்தாள்.

"முதலாம் வரியிலை இருந்து தொடங்குவம்," என்றாள். "ஒண்டையும் ஒளிக்காமல் சொல்லுங்கோ."