நனையாத கட்டு

பஸ்ஸில் யார் கம்பியைப் பிடித்தாலும் அமலாவின் பார்வை முகத்துக்குப் போகாது, புறங்கை நரம்புக்குத்தான் போகும். "இவருக்குக் கண்ண மூடிக்கினே ஊசி போட்லாம்" என்று, கூட வேலை பார்க்கும் கலைப்பிரியாவின் காதைக் கடிப்பார். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஓர் அம்மாளின் பருத்த கையைப் பார்த்துவிட்டு, "இவங்க அட்மிட் ஆனா நான் லீவுப்பா" என்றார் ஒருநாள். பேச்சு தன்னைப் பற்றியது என்று தெரியாத அந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

வீடு திண்டிவனத்தில். வேலை விழுப்புரத்தில், ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில். வயது நாற்பத்து நான்கு. காலையில் வகுப்பு எடுப்பார். பிற்பகலில் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனையின் கட்டுப் போடும் அறைக்குப் போய்விடுவார். வாய் எல்லோரையும் திட்டும், கை யாரையும் திட்டாது. ஒட்டிப்போன பழைய கட்டை அவர் சிறுகச் சிறுக நனைத்து எடுக்கும்போது, காலை நீட்டியிருப்பவர் வலியை மறந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்.

இரண்டு வாரமாக அமலாவுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே பி.எச்.டி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் சேர்கிறேனா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். படித்தால் பேராசிரியர் ஆகலாம். விட்டால் இந்த வயதுக்கு மேல் இன்னொரு முறை வாய்க்காது. ஆனால் எதை ஆராய்வது?

வழிகாட்டியாக வரப்போகும் வேணி மேடம் நல்ல மனசோடுதான் சொன்னார். "டூட்டியும் பாத்துக்கினு பண்ணணும் அமலா. ஸ்டூடண்ட்ஸ் ஸ்ட்ரெஸ்னு எடுத்துக்க. பசங்க கைக்கெட்ற தூரத்துல இருக்காங்க, ஜல்தியா முடிச்சிடலாம்."

யோசனையில் தப்பே இல்லை. ஆனாலும் அமலாவுக்கு மனம் ஒட்டவில்லை. "அதுல நான் தெரிஞ்சிக்கணும்னு ஒண்ணுமே இல்லயே" என்று கணவர் தேவசகாயத்திடம் புலம்பினார். தேவசகாயம் எலெக்ட்ரீஷியன், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "புடிக்கலன்னா வுடு. புடிச்சா படி. நடுவுல நின்னுக்கினு பேஜாரு பண்ணாத" என்றார். அமலா நடுவில்தான் நின்றார்.

சனிக்கிழமை பிற்பகலில் பூமாலை வந்தார். கோலியனூர்ப் பக்கம் நடவு வேலைக்குப் போகிற பெண், சர்க்கரை நோயாளி, பாதத்தில் புண். போன வாரம் கட்டுப் போட்டு அனுப்பியதும் அமலாதான். இப்போது அந்தக் கால் ஒரு கேரி பேக்குக்குள் இருந்தது. கணுக்காலில் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். அவிழ்த்தபோது நாற்றம் முகத்தில் அடித்தது. புண்ணைச் சுற்றித் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது.

"சேத்துல எறங்குனீங்களா? படிச்சிப் படிச்சிச் சொன்னேனே!"

"எறங்காம? நடவு நேரத்துல வூட்ல குந்திக்கினு இருக்க முடியுமா?" என்றார் பூமாலை. "ஆனா ஒரு சொட்டுத் தண்ணி படல சிஸ்டர். காலைல கட்டுனா, பொழுது சாயத்தான் அவுக்குறது. நனைக்காதன்னீங்க, நனைக்கவே இல்ல."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வெளியிலிருந்து தண்ணீர் போகவில்லை. பைக்குள் அடைபட்ட வியர்வையிலேயே கால் வெந்திருந்தது. 'கட்டை நனைக்காதே' என்று அமலா இத்தனை வருஷமாக எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார், எத்தனை மாணவிகளுக்குச் சொல்லக் கற்றுக்கொடுத்திருப்பார்! சேற்றில் நிற்கிறவர் அதை எப்படிக் காப்பாற்றுவார் என்று ஒருவரையும் கேட்டதில்லை. அமலாவுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப வேற எப்டிதான் கட்றது சிஸ்டர்?"

வேலைக்குப் போகாதே என்பது பதில் ஆகாது. அது அமலாவுக்கே தெரியும். மாணவிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "தெரியலக்கா" என்றார் அமலா. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டி, புண்ணைக் கழுவிப் புதுக் கட்டுப் போட்டு அனுப்பினார். திண்டிவனம் போய்ச் சேரும்வரை அன்று பஸ்ஸில் எல்லோருடைய பாதங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இருட்டிய பிறகு தேவசகாயம் வீட்டுக்கு வந்தபோது, பின்கட்டில் துணி ஊறவைக்கும் டப்பில் தண்ணீர் நிரப்பி அதற்குள் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார் அமலா. வலது காலில் துணிக்கட்டு, அதன்மேல் கேரி பேக், மேலே கயிறு. காதில் போன்.

"சேர்றேன் மேடம். ஆனா ஸ்டூடண்ட்ஸ் ஸ்ட்ரெஸ் வேணாம். நடவுக்குப் போறவங்க காலப் பாக்குறேன். கஷ்டந்தான்... நாள் ஆகும்னு தெரியும் மேடம். ஆவட்டும்."

போனை வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே தண்ணீர் போகவில்லை. கட்டைப் பிழிந்தார், வியர்வை கசிந்தது.

"இன்னாடி கூத்து இது?" என்றார் தேவசகாயம்.

"வேற எப்டிக் கட்லாம்னு பாக்குறேன்" என்றார் அமலா. புதுத் துணிச் சுருளை அவர் கையில் திணித்து, இடது காலைத் துடைத்து அவர் பக்கம் நீட்டினார்.