அண்ணனுக்கும் அதே அளவு

செய்தியைச் சொன்னது என் அண்ணன். அன்று காலையில் ஜெஞ்சாரோமிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, நம்ம டாக்டரம்மா தவறிட்டாங்களாம்லா. ஹார்ட் அட்டாக்காம். உனக்கு யாரும் சொல்லலியா?" யாரும் சொல்லியிருக்கவில்லை. பல வருடம் டாக்டர் மங்களேஸ்வரியோடு ஒரே அறுவைக்கூடத்தில் மயக்க மருந்து கொடுத்தவன் நான். அவர் கத்தி வைத்த நோயாளி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கிள்ளான் சாலையில் காரை ஓரங்கட்டிவிட்டு அழுதேன்.

அவரை அறிந்து, அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய நிதானமும் தெரியும். புற்றுநோய் வந்த சிறுநீர்ப்பையை வெளியே எடுத்ததும் எங்களுக்கெல்லாம் வேலை முடிந்ததுபோல் இருக்கும். அவரோ இடுப்புக்குள் ரத்தக்குழாய்களை ஒட்டிக் கொழுப்பில் புதைந்திருக்கும் நிணநீர் முடிச்சுகளை எடுக்க ஆரம்பிப்பார். நோய் வெளியே கிளம்பினால் பெரும்பாலும் முதலில் தங்கும் இடம் அதுதான். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். "வாசு, பாதிதான் முடிஞ்சிருக்கு. அவசரம்னா நீங்க கிளம்புங்க. பேஷண்ட் உங்ககூட வரமாட்டார்" என்பார். தாதிகள் முகமூடிக்குள் சிரிப்பார்கள்.

ஒரு காலத்தில் அவர் முடிச்சுகளைத் தேடி வயிற்றின் மேற்பகுதி வரைக்கும் போவார். அவ்வளவு தூரம் போவதால் கூடுதல் பலன் இல்லை, தொந்தரவுதான் கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டார். மருத்துவர்கள் கூட்டத்தில் எழுந்து, "இத்தனை நாள் நல்லதுன்னு நம்பிச் செஞ்சேன். இனிமே செய்யமாட்டேன்" என்றார். அதற்காக முடிச்சுகளை எடுக்காமல் விட்டதும் இல்லை.

பிறகு என் அண்ணனுக்கே வந்தது. லோரி ஓட்டுபவர். சிறுநீரில் ரத்தம் போனதை உடம்புச் சூடு என்று நினைத்து, கேரி தீவிலிருந்து இளநீர் வாங்கி வாங்கிக் குடித்திருக்கிறார். தம்பி டாக்டர் என்பது அவருக்கு நினைவு வந்தபோது கட்டி தசைக்குள் இறங்கிவிட்டது. ஸ்கேனில் முடிச்சுகள் சுத்தமாகத் தெரிந்தன. "ஒண்ணும் இல்லன்னா அதை ஏன் டாக்டர் எடுக்கணும்?" என்று கேட்டார். "சின்னதா ஒளிஞ்சிருந்தா ஸ்கேனுக்குத் தெரியாதுண்ணே. எடுத்துச் சோதிச்சாத்தான் தெரியும்" என்றார் மங்களேஸ்வரி.

எனக்கு அது போதவில்லை. நடைவழியில் அவரை மறித்தேன். "அக்கா, மேல வரைக்கும் எடுத்துடுங்க. எங்களை வளர்த்த அண்ணன்." "பாசத்துக்காகக் கூடுதலா வெட்டச் சொல்றீங்களா வாசு? எல்லாருக்கும் எது சரியோ, அதுதான் உங்க அண்ணனுக்கும்." எனக்குக் கோபம் தலைக்கேறியது. அறுவை நாளில் வேறொருவர் மயக்க மருந்து கொடுத்தார். நான் வெளியே உட்கார்ந்து தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

எடுத்த முடிச்சுகளில் ஒன்றில் நோய் இருந்தது. "பாத்தீங்களா!" என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. எடுத்ததாலதானே தெரிஞ்சுது? இனி மருந்து கொடுக்கணும்னும் தெரிஞ்சுது. பொழைச்சிருவார்னு சத்தியம் பண்ணமாட்டேன். இருட்டுல விடமாட்டேன்." மருந்து ஏறிய நாட்களில் அவரே வார்டுக்கு வந்து அண்ணனிடம் லோரிக் கதை கேட்டார். அண்ணன் பிழைத்தார். சிறுநீர் சேரும் பையை வயிற்றில் மாட்டிக்கொண்டு பாசாருக்குச் சாமான் வாங்கப் போகிறார், என்னைத் திட்டுகிறார், பேத்தி கல்யாணத்தில் ஆடினார்.

மறைவுச் செய்தி கேட்டதும் பிரிக்பீல்ட்ஸில் அக்காவின் வீட்டுக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். மாலையைப் போட்டுவிட்டு அண்ணன் நகரவில்லை. "நான்லா முதல்ல போயிருக்கணும், டாக்டரம்மா" என்று சொல்லி, சட்டைக்குள் இருந்த பையைக் கையால் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

அக்கா, உங்களுக்கு நான் சரியாக நன்றி சொன்னதே இல்லை. நேற்று உங்கள் இடத்தில் வேறொரு சர்ஜன். சிறுநீர்ப்பை வெளியே வந்தது. அவர் முடிச்சுகளுக்குப் போகும்முன் தயங்கி, கடிகாரத்தையும் என்னையும் பார்த்தார்.

"பாதிதான் முடிஞ்சிருக்கு டாக்டர்," என்றேன். "எனக்கு ஒரு அவசரமும் இல்ல."