‘எந்திரி’ என்ற ஒரு சொல்

இருக்கன்குடி கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது போன் வந்தது. “செல்வியக்கா போயிட்டாக” என்று சொல்லிவிட்டு, கூட வேலை பார்க்கும் ராஜாத்தி அழுதாள். பிறகுதான் வெடிவிபத்து என்றாள். எங்கள் கம்பெனியில், எங்கள் ஷெட்டில். நான் அன்று லீவு போட்டிருந்தேன்.

அக்காவோடு வேனில் வந்துபோனவர்களே, உங்களுக்குத் தெரியும். பட்டாசுக்கு மருந்து அடைக்கும் அறையில் நம்மோடு தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். வயதில் சிறியவர்களைக்கூட “வாங்க, சாப்பிட்டீகளா” என்பவர், ஒரே ஒரு சொல்லில் மட்டும் மரியாதை வைக்க மாட்டார்: “எந்திரி!” யார் அதைச் சொன்னாலும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. பெரியவர்களிடம் எப்படி அப்படிச் சொல்வது என்று நான் தயங்கியபோது, “உசிரு போற எடத்துல என்னத்துக்குத் தாயி மரியாதை?” என்று சிரித்தார்.

போன சீசனில் ஒருநாள், மருந்து சூடாகிற வாடை வருவதாக அக்கா “எந்திரி” என்றார். ஓடினோம். ஒன்றும் நடக்கவில்லை. புது மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துக் கத்தினார்.

“ஆர்டர் அம்புட்டும் கெடக்கு, மூக்குக்குத் தோணுனதுக்கெல்லாம் ஓடுவீகளோ? இனிமே போர்மேன் சொன்னாத்தான் எந்திரிக்கணும்.”

அக்கா விடவில்லை. “ஒண்ணும் நடக்கலைன்னா சந்தோசப்படுங்க சார். ஏன்னு கேக்கப் பழகிட்டா, அப்புறம் கேக்க ஆளு இருக்காது.”

விபத்தன்றும் அக்காதான் கத்தியிருக்கிறார். பழைய ஆட்கள் ஓடிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் எழவில்லை. வெளியே மரத்தடியில் நின்ற போர்மேன் முகத்தைப் பார்த்தார்கள். அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்! வாசலுக்கு வந்துவிட்ட அக்கா திரும்பி உள்ளே போய் இருவரையும் வெளியே தள்ளினார். அவர் வரவில்லை.

துக்கத்துக்கு வந்த மேனேஜர், “எல்லாம் விதி” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதியாம் விதி! ஆதியில் காட்டுக்குள் ஒருவன் கத்த, மற்றவர்கள் அவனை நம்பி ஓடியதால்தானே மனிதர்கள் பிழைத்தார்கள்? ஊரும் சந்தையும் சர்க்காரும் அந்த நம்பிக்கைமேல் எழுந்தவைதானே? டிரைவரை நம்பித்தானே தினமும் வேனில் தூங்கிக்கொண்டு போகிறோம்? நாம் வருஷக்கணக்காகப் பழகிப் பழகி உண்டாக்கியதை ஒரே பேச்சில் உடைத்துவிட்டு, பழியை விதிமேல் போடுகிறார். “வெக்கமா இல்லையா சார்?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அவர் காரில் ஏறிப் போனார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது மரியாதையில்லாத அந்த ஒரு சொல்லைத்தான். மூடிக் கிடக்கும் கம்பெனி மறுபடி திறக்கிற அன்று அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் போய் உட்காருவேன். உட்கார்ந்ததும் சொல்வேன்:

“ஏ பிள்ளைகளா, நான் ‘எந்திரி’ன்னா ஓடுங்க. எவன் மூஞ்சியையும் பாக்காதீக.”