தீர்ப்புக்கு முன்னே அடித்த பெயர்

1983 ஆகஸ்ட் 17. காலை ஐந்துக்கு எழுந்தேன். வெந்நீர், சவரம், கடுங்காப்பி. ஐந்தே முக்காலுக்கு மைதானம். கல்லூரியின் உடற்கல்வி இயக்குநராக ஓட்டக்காரர்களின் வருகையைக் குறித்தேன். ஏழு பேரில் ஆறு பேர். முதல் ஓட்டக்காரன் வரவில்லை. வர வேண்டாம் என்று முந்தின நாள் சொல்லி அனுப்பியவன் நான்தான்.

அவன் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை. கடைசி வருட மாணவன். ஞாயிற்றுக்கிழமைகளில் லாரியில் சுமை ஏற்றப் போவான். பூண்டி கிராமத்தில் ஏற்றிய வெள்ளைப்பூண்டில் இரண்டு மூட்டை குறைந்ததென்று அவன்மேல் வழக்கு. ஜாமீனில் வந்துவிட்டான், தினமும் காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கில் சிக்கியவர் அது முடியும்வரை அணியில் இருக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. மூன்று வருடத்துக்கு முன் அதை எழுதியவனும் நானே. ஆகவே அவனை ஒரு வார்த்தை கேட்காமல் பெயரை அடித்திருந்தேன்.

பயிற்சி முடிந்ததும் இரண்டாவது ஓட்டக்காரன் வந்து நின்றான். பூண்டிக்காரன். புகார் கொடுத்தவர் அவனுடைய சொந்தச் சித்தப்பா.

“அவனும் வரட்டுங்க சார்.”

“ஒங்க சித்தப்பா மூட்டைதானப்பா?”

“அது கோர்ட்டு சோலிங்க. சனிக்கெழம திண்டுக்கல் போட்டில அவன் இல்லாம நா மொத ஆளா வந்தா, ஹாஸ்டல்ல சும்மா விடுவானுங்களா? ‘ஏலே, சித்தப்பன வச்சுல்ல ஜெயிச்சே’ம்பானுங்க. ஓடியே அவன முந்திக்கிறேன்.”

“இதுவரைக்கும் முந்தியிருக்கியா?”

“இல்லீங்க” என்று சிரித்தான்.

அறையில் உட்கார்ந்து யோசித்தேன். வழக்கு முடிய இரண்டு வருடமாவது ஆகும். அவன் படிப்பு முடிய ஏழு மாதம். குற்றமற்றவன் என்று தீர்ப்பு வந்தாலும் அன்று ஓடுவதற்கு அவனுக்கு அணி இருக்காது. நீதிமன்றம் இன்னும் விதிக்காத தண்டனையை நான் விதித்து முடித்திருந்தேன்.

மூன்று மணிக்கு முதல்வரைப் பார்த்தேன்.

“ரூல் நீங்க போட்டதுதானே சார்?” என்றார்.

“ஆமாங்க. தப்பாப் போட்டுட்டேன்.”

“கோர்ட் கண்டிஷன்?”

“பத்துக்குக் கையெழுத்து. பத்தே காலுக்கு பஸ். ரெண்டுக்குத் திண்டுக்கல். நாலுக்கு ஓட்டம். நானே கூடப் போறேன்.”

“அவன்தான் எடுத்தான்னு தெரிஞ்சா?”

“அன்னைக்கு நிறுத்துவோம். இன்னைக்குத் தெரியாதுங்களே.”

சக மாணவருக்கு ஆபத்து இருந்தாலொழிய, தீர்ப்புக்கு முன் எவரையும் நீக்குவதில்லை என்று விதியைத் திருத்தி நீட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, “பேர் கெட்டா உங்க பேர்தான்” என்று கையெழுத்திட்டார்.

மாலையில் செண்பகனூரில் அவன் வீட்டுக்குப் போனேன். விறகு பிளந்துகொண்டிருந்தான்.

“சேர், நான் எடுக்கல்ல சேர்.” சாரை அவன் சிலோன் பழக்கத்தில் ‘சேர்’ என்பான்.

“அதக் கேக்க நான் வரல. சனிக்கிழமை ஓடுறியா?”

கோடாரியைக் கீழே வைத்தான். “ஓடுறேன் சேர்.”

பணியில் எத்தனையோ விதிகள் எழுதினேன். நானே எழுதி நானே அடித்தது இந்த ஒன்றுதான். இன்றும் எனக்குப் பெருமை இதில்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாக, விட்டுப்போன பயிற்சிக்கென்று அவனை மட்டும் இரண்டு சுற்று கூடுதலாக ஓடவிட்டேன்.