தாகமெடுத்த பாறை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று ஊரில் எனக்குச் சொந்தமாக நாலு லாரிகள் ஓடுகின்றன. அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு: எரிமலை கக்கிய குழம்பின்மேல் தண்ணீர் டேங்கர் ஓட்டியிருக்கிறேன். எங்கள் ஜில்லாவில் அப்படி இன்னொருவன் இருந்தால் வரச் சொல்லுங்கள்.

அப்போது சவூதியில், செங்கடல் ஓரத்து யான்புவில் இருந்தேன். கடலை விட்டு உள்ளே போகப் போக மணல் முடிந்து தரை கறுத்துவிடும். எந்தக் காலத்திலோ பொங்கி ஓடிய குழம்பு, ஆறிய கூழின் ஏடுபோலச் சுருங்கிக் கிடக்கும். உடைந்த இடமெல்லாம் கொல்லன் உலையில் மிஞ்சிய கிட்டம்தான். ஓட்டை ஓட்டையாக இருக்கும், செருப்பைக் கிழிக்கும். நடுநடுவே வாய் பிளந்த குன்றுகள். மேலே கறுப்பு, சரிந்த பக்கம் செங்கல் நிறம்.

அங்கே ஒரு சூடான்காரர் தன் கஃபீலின், அதாவது அரபு முதலாளியின், ஆடுகளை மேய்த்துவந்தார். அவருக்குத் தண்ணீர் கொண்டுபோவது என் டூட்டி. அந்த வருடம் தரை அடிக்கடி நடுங்கியது. சுற்றுப்புறத்து ஜனங்களையெல்லாம் வெளியேற்றினார்கள். ஆடுகளை ஏற்ற வண்டி வரவில்லை, அவரும் போகவில்லை. தண்ணீர் தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் தங்கியிருந்த கேம்பில் ஒருவனும் வண்டி எடுக்கத் துணியவில்லை. நான் எடுத்தேன். கூட வந்தவர் நாகர்கோவில் மெக்கானிக்.

"அண்ணாச்சி, மலை பொங்கிச்சுன்னா நம்ம டேங்கர் தண்ணி பத்தாது, பாத்துக்கிடுங்க."

"பொங்கட்டுமேய்யா. ரெண்டு படி அரிசியப் போட்டு எறக்கிட்டு வருவோம்."

போகிற வழியில் பாதைக்குக் குறுக்கே தரை வெடித்துக் கிடந்தது. ஆள் தாண்டலாம், டேங்கர் தாண்டாது. ஹாரன் அடித்தேன். சூடான்காரர் அக்கரைக்கு ஆடுகளை ஓட்டிவந்தார். கத்தக்கூடத் தெம்பில்லை அவற்றுக்கு. நான் வழக்கமாக நிரப்பும் தொட்டியோ தொலைவில், அவர் கூடாரத்துப் பக்கம். மெக்கானிக் ஹோஸோடு தாண்டிப் போய், பாறையில் இருந்த ஒரு பள்ளத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டார். தேங்கவே இல்லை. ஊற்ற ஊற்ற ஓட்டைகளில் இறங்கிக் காணாமல் போனது. ஆடுகள் ஈரக் கல்லை நக்கின.

"கலாஸ், பாய், கலாஸ்!" என்று, போதும் நிறுத்து என்பதாகச் சூடான்காரர் கையை ஆட்டினார். இந்தக் கல்லுக்கும் தாகம் என்றார் அரைகுறை இந்தியில்.

வால்வை மூடினேன். டேங்கரில் கிடந்த தார்ப்பாயை எடுத்துப்போய்ப் பள்ளத்தில் விரித்து, ஓரமெல்லாம் கல் வைத்தேன். யோசனை என்னுடையது. தன்னுடையது என்று மெக்கானிக் இன்றும் சொல்லித் திரிகிறாராம், நம்பாதீர்கள்.

தண்ணீர் நின்றது. ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு குடித்தன. கேனில் பிடித்துக் கொடுத்தேன். சூடான்காரர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே குடித்தார். அந்நேரம் தரை லேசாக நடுங்கியது. தார்ப்பாய்த் தண்ணீர் நெளிந்தது. ஓர் ஆடும் தலையைத் தூக்கவில்லை.

"அதுக எதுவும் பயப்படலியே அண்ணாச்சி."

"வவுறு நெறைஞ்சா பயம் ஏது?"

தார்ப்பாயை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஆடுகளை ஏற்ற வண்டி வரும்வரை, வெடிப்பின் இக்கரையில் நின்று அதை நிரப்பியவன் நான்தான்.